பெற்றோரின் வங்கிக் கணக்கில் யாருடைய எண் இருக்கிறது?

தமிழ்நாட்டுக்குச் செல்லும் வெளிநாட்டுத் தமிழர்கள், பெற்றோரின் வங்கிக் கணக்கில் எந்த அலைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பதை, உறவினர் வீடுகளுக்குப் புறப்படும் முன்பே பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாரத ஸ்டேட் வங்கியின் ஏடிஎம்களில் அவ்வங்கியின் அட்டையைக் கொண்டு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுப்பதற்கு, பதிவான எண்ணுக்கு வரும் ஓடிபி (ஒருமுறை கடவுச்சொல்) 2020 செப்டம்பரிலிருந்து இரவு பகல் எந்நேரமும் தேவைப்படுகிறது. பதிவான எண் உயிரோடு இல்லையென்றால் கணக்கில் பணம் இருந்தும் அவ்வளவு தொகை கைக்கு வராது. ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விடப்படும் சிம் 90 நாட்களுக்குப் பின் துண்டிக்கப்படலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அப்பாவும் அம்மாவும் கூட்டாக வைத்திருந்த கணக்கில் அப்பாவின் எண்ணே இருந்தது. அவர் மறைந்த பிறகு அந்த ஃபோன் பீரோவில் கிடந்தது. அதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்த நான் ஊரில் இல்லை. இம்முறை அந்த எண்ணை அழைத்தபோது முன்பின் அறியாத ஓர் இளைஞர் எடுத்தார். மாதந்தோறும் பென்ஷன் வரவான செய்தி தமக்கு வருவதாகவும், யாருடையது என்று தெரியாமல் அழித்துவிடுவதாகவும் பணிவாகவே சொன்னார்.

எண்ணை மாற்றும் விண்ணப்பம் ஒரே பக்கம்தான். ஆனால் அம்மாவின் கையெழுத்து கணினியில் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. அந்த மாதிரி, கை நடுங்காத காலத்தில் போட்டது. "பழையபடியே போடுங்கம்மா" என்று அதிகாரி மீண்டும் மீண்டும் சொல்ல, அம்மா விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் மேலாளர் விடுப்பு, அதற்கடுத்து சர்வர் வேலை செய்யவில்லை, அதன்பின் முகவரிச் சான்று பழையது என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டோவிலிருந்து இறங்கி, பிடிமானம் இல்லாத படிகளில் என் தோளைப் பற்றிக்கொண்டுதான் அவர் ஏறினார். நான் இல்லாத ஆண்டுகளில் யார் தோளைப் பற்றியிருப்பார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இத்தனையும் தேவையே இல்லை என்பதுதான் என் கோபம். முதுமையாலோ நோயாலோ கையெழுத்திட முடியாதவரின் விரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகளை வைத்துக்கொண்டு ஏற்க வழி இருக்கிறது. அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரிச் சான்று ஆவணங்களைப் பெறுவது போன்ற சேவைகளைச் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. இந்த இரண்டு விதிகளையும் அச்சிட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்வதற்கும் காகிதத்தை நீட்டுவதற்கும் கவுன்டரில் கிடைக்கும் பதில் வேறு.

அடுத்து பெற்றோரின் அட்டை உறையைத் திறந்து பாருங்கள். அம்மாவின் ஏடிஎம் அட்டை உறைக்குள் ரகசிய பின் எண் எழுதிய துண்டுச்சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்தான் அதைப் பார்த்துப் பணம் எடுத்துத் தந்துகொண்டிருந்தான். அவன் ஒரு ரூபாய்கூடத் தவறாக எடுத்ததில்லை. நான் செய்ய வேண்டியதை அவன் செய்தான். ஆனாலும் பின் எண்ணைப் பகிர்ந்ததால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தகவல் தரும்வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது விதி. ஏடிஎம் வாசலில் உதவ வரும் அந்நியர்கள் அட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே திரும்பப் பெறும் அட்டையில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைப் பெரியவர்களுக்கு நேரில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் சொந்தக் கணக்கைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் குடியேறியவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஈராண்டுக்கு மேல் வரவு செலவு எதுவும் செய்யாத கணக்கு செயலற்றதாக்கப்படும். அதை மீட்க மறுபடியும் கேஒய்சி. இயந்திரம் பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்துவிட்டால், ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

புதிய எண் பதிவானதும், ஊரில் இருக்கும்போதே, பெற்றோரின் அட்டை பாரத ஸ்டேட் வங்கியுடையது என்றால் அவ்வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுத்து, ஓடிபி அவர்கள் கையிலுள்ள ஃபோனுக்கே வருகிறதா என்று பாருங்கள். மோசடி நடந்தால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை அந்த ஃபோனிலேயே சேமித்து வையுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை உங்கள் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜை வெளிநாட்டிலிருந்தே செய்ய முடியும்.