மலைக்காட்டு மண்ணில் நச்சைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ப்ஸ் மலையில், ஆலையோ வயலோ கண்ணுக்கெட்டாத ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளிலும், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களான பிசிபி (மின்கருவி எண்ணெய்களில் இருந்தது), டிடிடி (பூச்சிக்கொல்லி), டையாக்ஸின் (எரிக்கும்போது உண்டாவது) எல்லாம் இருக்கின்றன. ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலி, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய 5 நாடுகள் சேர்ந்து நடத்திய மோனார்பாப் ஆய்வு, ஊசியிலைகளிலும் மண்ணிலும் இவற்றை அளந்து காட்டியது. ஆகவே ‘பக்கத்தில் ஆலை இல்லை, மண் சுத்தமாகத்தான் இருக்கும்’ என்று நம்பிவிடாதீர்கள். காற்றில் வரும் நச்சைக் குளிரும் மழையும் பனியும் மலைச்சரிவில் இறக்கிவிடுகின்றன.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டுத் தோண்டுவது. வயல் மண் எடுத்துப் பழகிய கை அப்படித்தான் செய்யும். காட்டிலோ, தேடி வந்ததையே தள்ளிவிட்டதாகிவிடும். ஊசியிலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு காற்றிலிருந்து நச்சை உறிஞ்சுகிறது. இலை உதிர்ந்து கறுத்த மட்காகும்போது அதிலுள்ள கரிமம் நச்சைப் பற்றிக்கொள்கிறது. கீழே இறங்குவது கொஞ்சம்தான். சருகு, மட்கு, கனிம மண் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். எடுத்த பரப்பையும் எடையையும் மறக்காமல் குறியுங்கள். மட்கு எடை குறைந்தது. கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் அதில் நச்சு மலைபோலத் தெரியும். சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால்தான் காடு மொத்தமாகச் சுமப்பது புரியும்.

மரத்திலும் கவனம் வேண்டும். ஸ்ப்ரூஸ் இலை பல ஆண்டுகள் கிளையிலேயே இருக்கும். வயதாக ஆக நச்சும் சேரும். கிளையை உற்றுப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டின் தளிரும் தொடங்கும் இடத்தில் மொட்டுச் செதில்களின் தழும்பு வளையமாகத் தெரியும். அதை வைத்து ஒரே வயது இலைகளைப் பிரித்தெடுங்கள். கலந்துவிட்டால் இரு காடுகளை ஒப்பிடவே முடியாது.

பாத்திரத்திலும் பலர் சறுக்குகிறார்கள். பிசிபிக்குக் கண்ணாடிக் குப்பியும் அலுமினியத் தாளும் சரி. இத்தகைய நச்சுகளைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009இல் சேர்க்கப்பட்ட பிஎஃப்ஓஎஸ் (நீரும் கறையும் ஒட்டாமல் இருக்கப் பூசும் வேதிப்பொருள்) போன்றவற்றுக்கு பாலிபுரொப்பிலீன் குப்பி வேண்டும். நீர் ஒட்டாத மழைக்கோட்டோடு அருகில் போகக் கூடாது; அதன் பூச்சிலேயே இந்த வகை நச்சு இருக்கலாம்.

‘உயரம் கூடினால் எல்லா நச்சும் கூடும்’ என்பதும் தவறு. உயரத்துக்கேற்ப, எளிதில் ஆவியாகும் எச்சிபி (பழைய பூஞ்சைக்கொல்லி) ஒரு விதமாக மாறும், கனமான பிசிபிக்கள் வேறு விதமாக மாறும்.

தடை வந்ததால் ஆபத்து தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது; மட்கில் தங்கியது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மரம் வெட்டி மண்ணைக் கிளறும் இடங்களில் ஓடையின் வண்டலையும் சேர்த்தே சோதியுங்கள்.