விமானத்தில் லேப்டாப் திறந்து வேலை பார்ப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

நாலு மணி நேரப் பயணம். போன் அடிக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள், உட்கார்ந்து மளமளவென்று முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லாரும் ஏறுகிறோம். இறங்கும்போது பார்த்தால் பாதி வேலைகூட நகர்ந்திருக்காது. சோம்பலால் அல்ல, கணக்குத் தப்பாகிவிடுவதால்தான். விமானம் ஓடுபாதைக்குப் போய், மேலேறி நிலைக்கு வரும்வரை லேப்டாப்பை உள்ளே வைக்கச் சொல்வார்கள். இறங்கத் தொடங்கியதும் மறுபடி மூட வேண்டும். நடுவில் சாப்பாட்டு வண்டி வரும். இதெல்லாம் போக, நாலு மணி நேரத்தில் உருப்படியாகக் கையில் நிற்பது இரண்டரை மணி நேரம் இருந்தாலே அதிகம்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பது முந்தின நாள் ராத்திரி வீட்டு மேஜையிலேயே முடிவாகிவிட வேண்டும். அதனால் இந்த விளக்கத்தில் பாதி, விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவை பற்றித்தான்.

படி 1: எந்த வேலையைக் கொண்டுபோவது?

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நெட் இல்லாமல், இன்னொருவர் பதிலுக்குக் காத்திருக்காமல் முடிக்கக்கூடியதாக அது இருக்கட்டும். நீண்ட அறிக்கையை வாசித்துக் குறிப்பெடுப்பது, கட்டுரையின் முதல் வரைவு, ஏற்கெனவே எழுதியதைத் திருத்துவது, ஸ்லைடுகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் நன்றாக நடக்கும். பத்துப் பேரிடம் ஒப்புதல் கேட்டு முடிக்க வேண்டியதை அங்கே தொடவே வேண்டாம்.

அப்புறம், கையில் உள்ள ஃபைல்களை மூன்றாகப் பிரியுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்பது ஒன்று. பார்த்தால் கொஞ்சம் சங்கடம் என்பது இரண்டு. வெளியாள் கண்ணில் படவே கூடாது என்பது மூன்று: சம்பள விவரம், நோயாளியின் அறிக்கை, இன்னும் அறிவிக்காத ஒப்பந்தம் மாதிரியானவை. மூன்றாவது வகையை விமானத்தில் திறக்காதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் சரி, திறக்காதீர்கள். அது நம்மை நம்பி ஒருவர் கொடுத்தது. முழங்கை இடிக்கிற தூரத்தில் முன்பின் தெரியாத ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும் இடம் அதற்கான இடமில்லை.

படி 2: வீட்டிலேயே ஒத்திகை

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தால்கூடப் போதும் என்பேன். முந்தின நாள் ராத்திரி லேப்டாப்பில் வைஃபையை அணையுங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பிறகு கால் மணி நேரம் அந்த வேலையைச் செய்து பாருங்கள். எது திறக்கவில்லை, எது பாஸ்வேர்டு கேட்கிறது, எந்தப் படம் காலிக் கட்டமாக நிற்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பகல் பயணத்தில். கூகுள் டாக்ஸில் நண்பர் பகிர்ந்திருந்த வரைவைத் திருத்த வேண்டும். பட்டியலில் ஃபைலின் பெயர் இருக்கிறது. தொட்டால் வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெயர் தெரிவதால் ஃபைல் நம்மிடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் அந்த வட்டத்தோடு போயிற்று.

கூகுள் டாக்ஸ் என்றால் குரோம் உலாவியில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி, தேவையான ஃபைல் ஒவ்வொன்றையும் ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்து வைக்க வேண்டும். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) என்றால் ஃபைலின் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். மேகம் இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை. பச்சை டிக் இருந்தால் இறங்கியிருக்கிறது. எதையும் நம்ப முடியவில்லையா? முக்கியமான ஃபைலை அப்படியே டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வையுங்கள். பழைய வழிதான், ஆனால் கைவிடாது.

உள்நுழையும்போது எஸ்.எம்.எஸ்ஸில் வரும் குறியீட்டை எதிர்பார்த்து உட்காராதீர்கள். மேலே அது வராது. குறியீட்டைத் தானே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிகள் நெட் இல்லாமலும் ஓடும், அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

படி 3: மின்சாரம்

லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் செய்துகொண்டே ஏறுங்கள். இருக்கையில் பிளக் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இருந்தாலும் அது தரும் மின்சாரம் குறைவு. பெரிய சார்ஜரைச் செருகினால் பல நேரம் அது தானாகவே நின்றுவிடும்.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்க ஆள் இருக்கிறார்கள், கீழே இல்லை என்பதுதான் காரணம். பொதுவான வரம்பு 100 வாட் மணி. கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள பவர் பேங்க் 3.7 வோல்ட் என்றால் 74 வாட் மணி, பிரச்சினை இல்லை. 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வேண்டும். 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றன. எனவே டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: இருக்கை

வேலைக்கு ஜன்னல் ஓரம்தான். ஒரு பக்கம் சுவர், எழுந்து வழிவிடச் சொல்லி யாரும் தட்ட மாட்டார்கள். நடு இருக்கையில் இரண்டு கைகளையும் ஒடுக்கிக்கொண்டுதான் டைப் செய்ய வேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசை விசாலமாகத் தெரியும். ஆனால் அங்கே சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள்ளிருந்து வரும், சின்னதாக இருக்கும், ஆடும். பையைக் காலடியில் வைக்கவும் முடியாது.

முன்னால் இருப்பவர் இருக்கையைச் சாய்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மடிப்புப் பலகை விரிந்த பிறகு, முன் இருக்கையின் முதுகில் ஒரு குழிவு இருக்கும். லேப்டாப் திரையின் மேல் விளிம்பு அந்தக் குழிவுக்குள் நிற்கும்போது அவர் சட்டென்று சாய்ந்தால் திரை நசுங்கி விரிசல் விடும். லேப்டாப்பை உங்கள் வயிற்றுப் பக்கமாக இழுத்தே வையுங்கள். விளிம்புக்கும் முன் இருக்கைக்கும் நடுவே நாலு விரல் போகிற இடைவெளி எப்போதும் இருக்கட்டும். பெரிய லேப்டாப்பாக இருந்தால் பலகையை விட மடியே மேல்.

படி 5: ஏறியதும்

பை மேலே போவதற்கு முன் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப், சார்ஜர், காதொலிக் கருவி, நோட்டு, பேனா. மை ஊற்றும் பேனா வேண்டாம். மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பால்பாயிண்ட் போதும்.

லேப்டாப் திறக்க முடியாத முதல் அரை மணி நேரம் நோட்டுக்கு உரியது. இன்று எழுதப் போவதை ஐந்தாறு வரியில் குறித்து வைத்தால், பின்னால் திறந்ததும் யோசிக்காமல் டைப் செய்யத் தொடங்கலாம். போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவராதீர்கள். அதில் உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கும். அந்த இரண்டை வைத்துப் பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் பயண விவரத்தையே திறந்துவிடலாம்.

படி 6: அடுத்தவர் கண்ணில் படாமல்

ஒரு இரவுப் பயணத்தில் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தேன். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். எனக்கு முந்தின வரிசையில், ஜன்னல் ஓரம், ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கவனமான ஆள்தான், லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் நன்றாகத் திருப்பி வைத்திருந்தார், நேராகப் பார்த்தால் அவருடைய தோள் மட்டுமே தெரிந்தது. ஆனால் ஜன்னல் மூடியை இறக்கவில்லை. வெளியே கும்மிருட்டு. அந்தக் கண்ணாடியில் அவருடைய திரை அப்படியே விழுந்திருந்தது. எழுத்து இடம் வலமாகத் தெரிந்தாலும், வரிசையாகப் பெயர்கள், எதிரே தொகைகள், சில வரிகளுக்குச் சிவப்பு நிறம். அது என்ன பட்டியல் என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

ஆகவே, இரவில் முதலில் ஜன்னல் மூடியை இறக்குங்கள். அடுத்து திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறையுங்கள். எழுத்தையும் சிறிதாக்கலாம்; உங்களுக்கு எட்டும், பின் வரிசைக்கு எட்டாது. திரையில் ஒட்டும் தனியுரிமைத் தகடு நல்ல துணை. பக்கவாட்டில் சுமார் 30 டிகிரி விலகினாலே திரை கறுப்பாகிவிடும். ஆனால் இரண்டு இருக்கைகளின் இடுக்கு வழியே உங்களுக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பவரை அது தடுக்காது. தகடு ஒட்டியாயிற்று என்ற தைரியத்தில் மூன்றாம் வகை ஃபைலைத் திறக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாமல் கசிகிற இடங்களும் உண்டு. புளூடூத், ஏர்டிராப், ஹாட்ஸ்பாட் மூன்றிலும் உங்கள் கருவியின் பெயர் சுற்றியிருப்பவர்களுக்குக் காட்டும். அதில் முழுப்பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருந்தால் மாற்றிவிடுங்கள். போன் பூட்டியிருக்கும்போது மெயிலின் வரிகள் திரையில் தோன்றாதபடி அறிவிப்புகளை மறையுங்கள். கழிவறைக்கு எழுந்தால் லேப்டாப்பைப் பூட்டிவிட்டு எழுங்கள்: விண்டோஸில் விண்டோஸ் விசையும் எல்-லும், மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், கியூ மூன்றும் சேர்த்து. பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் (விண்டோஸ்) அல்லது ஃபைல்வால்ட் (மேக்) வீட்டிலேயே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். லேப்டாப்பே தொலைந்தாலும் உள்ளே இருப்பது பிறர் கையில் சிக்காது.

வாய் வழியாகவும் விஷயம் வெளியே போகும். சக ஊழியரோடு பயணம் செய்தால் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லாமல் பேசப் பழகுங்கள். விமான இரைச்சலில், அதுவும் காதை மூடிக்கொண்டு பேசும்போது, நம்மை அறியாமல் குரல் உயரும். நமக்கு முணுமுணுப்பு, மூன்று வரிசைக்குச் செய்தி. சொல்லியே ஆக வேண்டும் என்றால் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

படி 7: விமான வைஃபை இருந்தால்

உள்நுழையும் பக்கம் வரவில்லையென்றால் வி.பி.என்னை (இணையத் தொடர்பைப் பிறர் பார்க்காதபடி மறைத்து அனுப்பும் செயலி) அணைத்துவிட்டு முயலுங்கள். இணைந்ததும் மறுபடி இயக்கிவிடுங்கள். இடையில் வேறு எதையும் திறக்க வேண்டாம். தானாக ஓடும் அப்டேட், புகைப்பட ஒத்திசைவு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் இருக்கிற கொஞ்ச வேகத்தையும் அவையே தின்றுவிடும்.

வேகம் விமானத்துக்கு விமானம் மாறும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் என்றால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைவு. எப்படியிருந்தாலும் மெயிலுக்கும் சிறு செய்திகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குரல், வீடியோ அழைப்புகளைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் பேசாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து போக இடமில்லை.

படி 8: பக்கத்தில் இருப்பவரும் நம் உடம்பும்

விசைகளை ஓங்கித் தட்டினால் அந்த அதிர்வு பலகை வழியாக முன் இருக்கைக்காரரின் முதுகுக்குப் போகும். மெதுவாகத் தட்டுங்கள். பக்கத்தில் உள்ளவர் தூங்கினால் திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றுங்கள். இரைச்சலைக் குறைக்கும் காதொலிக் கருவி எஞ்சினின் அடித்தொனியை நன்றாக அமுக்கும், பக்கத்துப் பேச்சை அவ்வளவாக அமுக்காது. அறிவிப்பு வரும்போது கழற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டு வண்டி இரண்டு வரிசை தள்ளி வரும்போதே லேப்டாப்பை மூடி உள்ளே வைத்துவிடுங்கள். சூடான தேநீரும் லேப்டாப்பும் அந்தச் சின்னப் பலகையில் சேர்ந்து இருக்க வேண்டாம். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், கண் சீக்கிரம் உலர்ந்துபோகும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்து வாருங்கள்.

படி 9: இறங்குவதற்கு முன்

தரையிறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளத் தொடங்குங்கள். ஃபைலைச் சேமித்து, எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மேலே எழுதிய மெயில்கள் அவுட்பாக்ஸில் காத்திருந்தால் நெட் கிடைத்த நொடியில் எல்லாம் ஒன்றாகப் பறந்துவிடும். களைப்பில் எழுதியவை அவை. அவற்றை வரைவுப் பகுதிக்கு நகர்த்தி, கீழே இறங்கி ஒரு முறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை நகர்த்தித் தேடாதீர்கள். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். அப்படியே இருந்து பணியாளரைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்கள். கடைசியாக, எழுந்ததும் முன் இருக்கைப் பையில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். மெல்லிய லேப்டாப்பும் கறுப்பு நோட்டும் பத்திரிகைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தட்டுப்படும்.