மரத்தடிக்கு வல்லாரை

குன்னூர், கோத்தகிரி பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில் புல்தரை போடுவது வீண் செலவு. வெயில் போதாமல் பாசிதான் படரும். அங்கே வல்லாரையை விடுங்கள். கணுவில் வெள்ளை வேர் இறங்கிய ஓடுதண்டாகப் பார்த்துக் கிள்ளி, மழை பிடித்ததும் சாணுக்கு ஒன்றாக, மக்கிய இலையுரம் கலந்து ஊன்றினால் கணுவுக்குக் கணு புதுச் செடியாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சரிவில் மேலிருந்து கீழாக நேர் வரிசை வேண்டாம், மாற்றி மாற்றி நடுங்கள். இல்லையென்றால் இடைவெளியில் மழைநீர் வாய்க்கால் அறுத்துவிடும். நன்றாக மூடும்வரை களை பிடுங்கத்தான் வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியை மரக்கிளைகளே ஓரளவு தாங்கிவிடும்.

அழகாக இருக்கிறதே என்று டிரடெஸ்கான்ஷியா என்ற படரும் அழகுச் செடியை மட்டும் சோலைக்காட்டை ஒட்டிய தோட்டத்தில் வைக்காதீர்கள். பிடுங்கி எறிந்த துண்டுகூட விழுந்த இடத்தில் வேர்விடும். துவையலுக்கு வல்லாரை இலை பறிப்பவர்கள், மருந்து அடிக்கும் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வளர்ந்ததைத் தொட வேண்டாம்.