இலியட்டை முதல்முறை கையில் எடுப்பதற்கு முன்

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை ஆசையாகத் தொடங்கி இரண்டாவது புத்தகத்திலேயே (காவியத்தின் ஒவ்வொரு பகுதியையும் 'புத்தகம்' என்பார்கள்) மூடி வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர், நானும் முதல்முறை அங்கேதான் நின்றுபோனேன். காவியம் கடினமானது என்பதால் அல்ல, எதை எதிர்பார்த்துப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். சுவாரசியம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், ஹோமரைக் கேட்ட கிரேக்கர்களுக்குக் கதை முன்பே தெரியும். கிரேக்க வீரன் அக்கிலீஸின் உயிர் நண்பன் பாட்ரோக்ளஸ் சாவான், அவனைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரும் சாவான் என்று 15ஆம் புத்தகத்திலேயே கடவுளரின் அரசன் சீயஸ் சொல்லிவிடுகிறார், அதன் பிறகும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னொன்று, இது கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரின் முழுக் கதை அல்ல. பத்தாண்டுப் போரில் கடைசி ஆண்டின் சில வாரங்கள் மட்டும்தான். கிரேக்கர்கள் ஒளிந்து நகருக்குள் நுழைந்த மரக்குதிரை இதில் வராது, அக்கிலீஸ் சாவதும் வராது. குதிரைக் கதையை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில்தான் பாடகன் ஒருவன் பாடுகிறான். எது முதலில் என்று கேட்டால், இலியட்தான். போரைப் பார்த்துவிட்டுப் போனால்தான் ஒடிசியில் வீடு திரும்பத் தவிக்கும் மனிதனின் களைப்பு நமக்கும் புரியும் (அதில் ஒடிசியஸ் நேரில் வருவதே 5ஆம் புத்தகத்தில், அதுவரை பொறுத்திருங்கள்).

மொழிபெயர்ப்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆங்கிலத்தில் படிக்கப் போகிறீர்கள் என்றால், லாட்டிமோர் (1951) கிரேக்க வரிகளை ஒட்டியே போவார், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஃபேகில்ஸ் (1990) வேகமாக ஓடும். எமிலி வில்சன் (2023) இன்றைய ஆங்கிலத்தில், ஆனால் சந்தம் விடாமல் எழுதியிருக்கிறார். உரைநடையிலும் கிடைக்கிறது, ஆனால் முதல் வாசிப்புக்கே அது வேண்டாம் என்பேன், பாட்டின் ஓட்டம் போய்விடுகிறது. ஒரு வழி சொல்கிறேன்: 6ஆம் புத்தகத்தின் கடைசியில் ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் இடம் இருக்கிறது, அப்பாவின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமுடியைப் பார்த்துக் குழந்தை அலற, இருவரும் சிரித்துவிட, அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவான். அந்த ஒரு பக்கத்தை மூன்று மொழிபெயர்ப்பிலும் படித்துப் பாருங்கள். எதில் அந்தக் குழந்தையின் அழுகை கேட்கிறதோ அதை வாங்குங்கள்.

அடுத்தது பெயர்கள். ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களை அக்கேயர், ஆர்கைவர், டனாயர் என்று மாற்றி மாற்றி அழைப்பார் கவிஞர், மூன்றும் ஒரே கூட்டம்தான். டிராய்க்கு இலியோன் என்றும் பெயர், காவியத்தின் பெயரே அதிலிருந்துதான். ஹெக்டரின் தம்பி பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்று இன்னொரு பெயர். 'பீலியஸின் மகன்' என்றால் அக்கிலீஸ், ஆனால் 'அட்ரியஸின் மகன்' என்றால் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனாகவும் இருக்கலாம், தம்பி மெனெலாஸாகவும் இருக்கலாம். அஜாக்ஸ் இரண்டு பேர். இந்தத் தாள் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

அப்புறம், திரும்பத் திரும்ப வரும் வரிகள். கூடாரத்தில் உட்கார்ந்து பேசும்போதும் அவன் 'விரைந்த கால்களை உடைய அக்கிலீஸ்'தான். இது கவனக்குறைவு அல்ல. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யுகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப்படிக்கத் தெரியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளைப் பாடுவதைப் பதிவு செய்தார். யாப்பில் கச்சிதமாக உட்காரும் தொடர்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, பாடும்போதே கட்டுகிறார்கள். ஹோமரின் வரிகளும் அப்படி வந்தவைதான் என்பது அவர் முடிவு. அந்த வழியில்தான் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி நம் சங்கப் பாடல்களையும் கிரேக்க வீரப்பாடல்களோடு வைத்து ஆராய்ந்தார், 1968இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஆகவே வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குச் சலிப்பாகத் தெரிகிற வரி காதுக்கு இதமாக இருக்கும்.

முக்கியமான ஒன்று, அக்கிலீஸின் கோபம். கிரேக்க மூலத்தின் முதல் சொல்லே 'சினம்'தான். பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணை அகமெம்னன் பறித்துக்கொண்டதற்கா ஒரு வீரன் போரிலிருந்து ஒதுங்கித் தன் ஆட்களையே சாகவிடுவான் என்று தோன்றும். போரில் ஒருவனுக்குக் கிடைக்கும் பங்கு, படை முழுக்கச் சேர்ந்து அவனுக்குச் செய்த மரியாதை. அதை எல்லார் முன்னாலும் பிடுங்குவது, நீ ஒன்றுமில்லை என்று சொல்வதற்குச் சமம். ஒரு பெண் அங்கே பொருளாகத்தான் எண்ணப்படுகிறாள் என்பது நமக்கு உறுத்தும், உறுத்தட்டும். ஆனால் அவர்கள் கணக்கு புரியாவிட்டால் 9ஆம் புத்தகத்தில் சமாதானத்துக்காக அகமெம்னன் தர முன்வரும் அவ்வளவு பரிசுகளையும் அக்கிலீஸ் ஏன் உதறுகிறான் என்பது பிடிபடாது.

2ஆம் புத்தகத்தின் பிற்பாதியில் கப்பல் பட்டியல் வரும், ஊர் ஊராக, தலைவன் தலைவனாக. முதல்முறை தாண்டிவிடுங்கள், ஒரு குற்றமும் இல்லை. உவமைகளை மட்டும் தாண்டாதீர்கள். 16ஆம் புத்தகத்தில் அழும் பாட்ரோக்ளஸைப் பார்த்து அக்கிலீஸ், அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்துத் தூக்கச் சொல்லும் சின்னப் பெண் மாதிரி இருக்கிறாய் என்கிறான். போர்க்களத்தின் நடுவே ஒரு வீட்டு வாசல் திறந்து மூடுகிறது.

மொத்தம் 24 புத்தகங்கள், 15,000 வரிகளுக்கு மேல். ஓர் உட்காரலுக்கு ஒரு புத்தகம் போதும். கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் ஓர் இரவை முழுசாக ஒதுக்குங்கள். மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு டிராயின் கிழ அரசர் பிரியாம் எதிரி அக்கிலீஸின் கூடாரத்துக்கே வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுவார், இருவரும் சேர்ந்து அழுவார்கள். அந்த இடத்தில் போன் அடிக்கக் கூடாது.