பெண் கார்ன் ஸ்னேக்கை எப்போது இணை சேர்க்கலாம்?

எங்கள் வீட்டில் தராசு இரண்டு. ஒன்று இட்லி அரிசிக்கு, இன்னொன்று பாம்புக்கு. மாற்றி எடுத்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது.

கார்ன் ஸ்னேக் என்பது வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு. அதை வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பெண்ணுக்கு 3 வயது, 3 அடி நீளம், 300 கிராம் எடை. மூன்றும் சேர்ந்து வர வேண்டும். எலியை அள்ளிப் போட்டால் இரண்டு வயதிலேயே எடை வந்துவிடும், ஆனால் அது வெறும் கொழுப்பு. என் முதல் பெண் பாம்பை அப்படித்தான் அவசரப்பட்டுச் சேர்த்தேன். கடைசி இரண்டு முட்டைகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. மருத்துவர்தான் காப்பாற்றினார்.

அதனால் இப்போது தராசோடு கையையும் நம்புகிறேன். முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்தினால் மெலிவு. சுருளாமல் நேராகக் கிடக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் பருமன். இரண்டுக்கும் இந்த வருடம் வேண்டாம்.

ஆணுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. இரண்டு வயதாகி, ஒழுங்காகத் தின்றால் போதும்.

தேறிய பெண்ணைக் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் குளிரில் உறங்க வைப்பேன். அதற்கு முன் இரண்டு வாரம் தீனி கிடையாது, வயிறு காலியாக வேண்டும். எழுந்தபின் நன்றாகத் தின்று, முதல் சட்டையை உரித்ததும் ஆணிடம் விடலாம். தின்ன மறுக்கிறதா? சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.