மேக் அப்புன்னா பவுடர் மட்டும் இல்ல

காரைக்குடி பக்கத்துல கானாடுகாத்தான்ல பெரிய வீடுகள சுத்திக்காட்டுற தம்பி ஒருத்தன் எங்கிட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க காரைக்குடி வர்றான். போன மாசம் வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேருக்கு வளவு, பட்டாலைன்னு வீட்டோட பகுதியெல்லாம் காட்டிட்டு, இந்த வீட்டுக் கதையெல்லாம் எங்க ஐயா ஒண்ணொண்ணா சேத்து வச்சதுன்னு சொல்ல நெனச்சு "மை கிராண்ட்ஃபாதர் மேட் அப் ஆல் தீஸ் ஸ்டோரீஸ்"னு சொல்லிட்டான். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிருக்காங்க. பின்ன, இவன் சொன்னதுக்கு அர்த்தம் 'அம்புட்டும் எங்க ஐயா இட்டுக்கட்டுனது'ன்னு ஆயிருச்சு. கலெக்டட்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

மேட் அப்ங்கிறது மேக் அப்போட இறந்தகாலம். மேக்னா செய்யிறது, அப்னா மேலன்னு பிரிச்சுப் பாத்தா இது பிடிபடாது. நம்ம ஊர்லயே 'நேத்து அப்பத்தாகிட்ட நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டான்'னு சொல்றோம்ல, அவன் எதையும் வாங்கவும் இல்ல கட்டவும் இல்ல, திட்டு வாங்குனான், அவ்ளோதான். அதே மாதிரிதான் இதுவும். அதனால ஒரே ஒரு தமிழ் வார்த்தைய மனப்பாடம் பண்ணாம, மேக் அப்புக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க.

பின்னாடி கதை, சாக்கு, பொய் இப்பிடி ஏதாச்சும் வந்தா இட்டுக்கட்டுறது. லீவு போட்டுட்டு பல்லு வலின்னு சொல்றான் பாருங்க, "ஹி மேட் அப் ஆன் எக்ஸ்க்யூஸ்". இது கெட்ட அர்த்தத்துல மட்டும்தான் வரும்னு இல்ல, ஆச்சி பேரனத் தூங்க வைக்க அப்பப்ப புதுசா ஒரு கதை கட்டி விடுறதும் மேக் அப் தான்.

வித் வந்து ஆள் பேர் வந்தா பழம் விடுறது. சின்னப் புள்ளையில காய் விட்டு பழம் விடுவோம்ல, அதேதான், பெரியவங்களுக்கும் அதேதான். "ஹேவ் யூ மேட் அப் வித் யுவர் பிரதர்?"னு கேட்டா, அண்ணனோட ராசியாயிட்டியான்னு கேக்குறாங்க.

ஃபார் வந்தா ஈடு கட்டுறது. பல்லவன் ரயில் காரைக்குடியில லேட்டா கிளம்புனாலும் திருச்சி தாண்டி வேகமா போயி அந்த லேட்ட சரிக்கட்டுனா "இட் மேட் அப் ஃபார் லாஸ்ட் டைம்", இங்க லாஸ்ட்னா தொலைஞ்சது (lost), கடைசி இல்ல. ஃபார் இல்லாம சும்மா "மேட் அப் டைம்"னும் சொல்லலாம். கடையில பத்து ரூபா குறையுது, கூட வந்தவர் நான் போட்டுக்குறேன்னு சொல்றாரு, அது "ஐ வில் மேக் அப் த டிஃபரன்ஸ்", அங்கயும் ஃபார் கெடையாது. இதோட ஒட்டுன இன்னொண்ணு இருக்கு, அக்கா வளைகாப்புக்குப் போக முடியல, அக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு, அப்ப "ஐ வில் மேக் இட் அப் டு யூ"ன்னா வேற ஏதாவது நல்லது செஞ்சு சரிக்கட்டிர்றேன் அக்கான்னு அர்த்தம். வித்துக்கும் டுவுக்கும் இங்கதான் நெறைய பேரு குழம்புறாங்க. வித்துன்னா ரெண்டு பேரும் சேர்றது, டுன்னா தப்பு பண்ணவன் மட்டும் கடன் தீக்குறது.

மைண்ட் வந்தா முடிவு பண்றது. கண்டாங்கி சேலையில சிவப்பா மஞ்சளான்னு ஒரு மணி நேரம் நிக்கிறவங்ககிட்ட "மேக் அப் யுவர் மைண்ட்"னு சொல்லலாம், ஆனா கொஞ்சம் கடுப்பாத்தான் கேக்கும், கடைக்காரர் சொல்லக்கூடாது.

இப்ப ஆஃப் (of). சுத்திக்காட்டுற தம்பிக்கு அதிகமா தேவைப்படுறது இதுதான், தப்பு வர்றதும் இங்கதான். மேட் ஆஃப் வேற, மேட் அப் ஆஃப் வேற. தூண் பர்மா தேக்குல செஞ்சது, ஒரே பொருள், அது மேட் ஆஃப். வீடு முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு பல பகுதி சேந்தது, அது மேட் அப் ஆஃப். நகரத்தார்ல, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் சமூகத்துல, இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு ஒம்பது நகரக்கோயில் பிரிவு இருக்குல்ல, அதையும் "த கம்யூனிட்டி இஸ் மேட் அப் ஆஃப் 9 டெம்பிள் கிளான்ஸ்"னு சொல்லலாம். திருப்பிப் போட்டா ஆஃப் போயிரும், "9 கிளான்ஸ் மேக் அப் த கம்யூனிட்டி". தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்லுக்கு ரெண்டுமே ஓடும்னு வச்சுக்கங்க, சிமெண்டுல ஆனதுன்னா மேட் ஆஃப், சிமெண்டு, மணல், கலர்னு என்னென்ன சேருதுன்னு விவரிச்சா மேட் அப் ஆஃப்.

படுக்கை விரிச்சு வைக்கிறதுக்கும் மேக் அப் த பெட்னு சொல்லுவாங்க, விருந்தாளி வந்து தங்குற வீட்டுல வேலை பாக்குறவங்க மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

'அத' 'அவள' மாதிரி சின்ன வார்த்தை வந்தா நடுவுலதான் வைக்கணும், "மேக் இட் அப்"தான், "மேக் அப் இட்"னு வரவே வராது. ஸ்டோரின்னு முழுசா சொன்னா நடுவுலயும் வைக்கலாம் கடைசியிலயும் வைக்கலாம். ஆனா ஃபார் வந்துட்டா பிரிக்க முடியாது, "மேக் அப் ஃபார் இட்" அப்பிடியே இருக்கணும்.

உச்சரிப்புலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. பவுடர் லிப்ஸ்டிக் மேக்கப்புக்கு அழுத்தம் மேக்ல விழும், எழுதுறப்பவும் ஒரே வார்த்தை, இல்லேன்னா நடுவுல சின்னக் கோடு போட்டு சேத்து எழுதுவாங்க. மத்த மேக் அப் எல்லாம் வினைச்சொல்லு, அழுத்தம் அப்ல, எழுதுனா ரெண்டு வார்த்தை. வாட்ஸப்புல "ஐ மேக்கப் வித் ஹெர்"னு சேத்து எழுதிட்டு அவளோட சேந்து பவுடர் பூசுன மாதிரி ஆக்கிறாதீங்க.

பழகுறதுக்கு நான் புள்ளைங்களுக்குச் சொல்றது, அன்னைக்கு வீட்டுல நடந்தத தமிழ்ல மூணு வரி எழுதிட்டு, எங்கெல்லாம் இட்டுக்கட்டுறது, பழம் விடுறது, ஈடு கட்டுறது, முடிவு பண்றது வருதோ அதுக்குக் கீழ கோடு போட்டு அந்த வரிய மட்டும் இங்கிலீஷ்ல மாத்துங்க. நம்ம தம்பி இந்த வாரம் எழுதிட்டு வந்த முதல் வரி, ஐயாகிட்ட விஷயத்தச் சொன்னேன், ஐயா ரெண்டு நாளா பேசல, இன்னும் பழம் விடல.