நீங்களே கட்டிய கிட் காரில் எஞ்சின் தட்டுகிறதா? சத்தத்தை எண்ணுங்கள்

1957-ல் வந்த லோட்டஸ் செவன் வடிவத்தை வைத்து, வீட்டுக் கராஜில் சதுரக் குழாய்களை வெல்டு செய்து கட்டும் கார்களுக்கான குறிப்பு இது. இங்கிலாந்தில் இப்படிக் கட்டப்பட்ட பல கார்களில் பழைய ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய 2.0 லிட்டர் பின்டோ எஞ்சினும் டைப் 9 கியர்பாக்ஸும்தான் இருக்கும். கீழே வரும் அளவுகள் பின்டோவுக்கு உரியவை. முறை எந்த நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கும் பொருந்தும்.

கம்பெனி காரில் சத்தம் வந்தால் "நேற்றுவரை இது இல்லையே" என்று சொல்ல முடியும். புதிதாகக் கட்டிய காருக்கு அப்படி ஒரு நேற்று கிடையாது. போதாததற்கு, குழாய்ச் சட்டம் சத்தத்தைக் கடத்திவிடும்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல்ஹவுசிங்கில் தட்டுவது கால் பெடலுக்குப் பக்கத்தில் கேட்கும். ஆகவே சத்தம் டொக்கா டிக்கா என்று விவாதிப்பதில் பயனில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

1. முதலில் ஆயில் பிரஷர்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டேஷ்போர்டில் இருப்பது எலெக்ட்ரிக் கேஜ் என்றால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். எஞ்சினிலுள்ள அதன் பிரஷர் சென்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். பிரஷரும் குறைவு, அடியில் கனமான தட்டலும் இருக்கிறது என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மீதிப் படிகள் அந்த எஞ்சினுக்கு இல்லை.

2. எஞ்சினுக்கு வெளியே இருப்பவை

ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங். டைமிங் பெல்ட் வேறு, அதைத் தொடாதீர்கள். அடுத்து, நியூட்ரலில் கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் நிற்கும் கடகடப்பு கியர்பாக்ஸுடையது. டைப் 9 ஐட்லிங்கில் கொஞ்சம் கடகடக்கும், அதற்காகக் கழற்ற வேண்டாம். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள்.

3. எண்ணுவது

பலர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் (கேம்), பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில் ஒரு பிளக்குக்கு ஸ்பார்க் வருவதும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை. எனவே டைமிங் லைட்டின் கிளிப்பை 1-ஆம் பிளக் ஒயரில் மாட்டினால், விளக்கு கேம் வேகத்தில் மின்னும். ஐட்லிங்கை எஞ்சின் அணையாத அளவுக்குக் குறைத்து, கராஜ் விளக்கையும் அணைத்து, வெளிச்சத்தைச் சுவரில் அடியுங்கள். கதவு மட்டும் அகலத் திறந்திருக்கட்டும், புகை உள்ளே தங்கக் கூடாது.

ஒரு மின்னலுக்கு ஒரு தட்டல்: கேம் வேகம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல்: கிராங்க் வேகம்.

காது பிடிபடவில்லை என்றால் போனில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, முகடுகளுக்கு இடையிலான நேரத்தை அளங்கள். 900 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுக்கு 67 மில்லி செகண்ட் எடுக்கும், கேம் 133. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வந்தால் அந்தச் சத்தம் எஞ்சின் சுற்றோடு கட்டுப்பட்டதே இல்லை; எங்கோ ஒரு அலுமினியத் தகடு அதிர்கிறது.

இதற்கு விலை உயர்ந்த டைமிங் லைட் வேண்டாம். டயல் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். காதில் வைத்துக் கேட்க, ஸ்குரூடிரைவரைவிட நீளக் கம்பி உள்ள மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் மேல். செவனில் ஃபேனும் பெல்ட்டும் கைக்கு மிக அருகில் இருக்கும்.

4. கேம் வேகம் என்றால்

உடனே டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட்டில் ஒரு போர்ட் மட்டும் கசிந்தாலும் அதே வேகத்தில், அதே டிக் டிக்தான். வீட்டில் வெல்டு செய்த மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச் வளைந்திருப்பது சகஜம். கசிவு என்றால் குளிரில் அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருக்கும்.

பிரித்தறிய, எஞ்சினை அணைத்து ஒரு பிளக் ஒயரை மட்டும் எடுத்து, பிளாக்கோடு எர்த் செய்த உபரி பிளக்கில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் போய்விடும். இப்படி நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்கினால் கசிவு. எதை நிறுத்தினாலும் மாறவில்லை என்றால் வால்வுப் பக்கம். கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்க, எஞ்சின் ஆறியபின் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சருக்குள் விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்.

வால்வுப் பக்கம் என்றால், குளிர்ந்த நிலையில் கிளியரன்ஸ் இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. சரிசெய்தும் சீக்கிரமே மீண்டும் தளர்ந்தால் கேம் லோப் (வால்வைத் தள்ளும் மேடு) தேய்கிறது. காரணம் பெரும்பாலும் கேமுக்கு மேலே ஆயில் தெளிக்கும் ஸ்ப்ரே பார் அடைத்துக்கொள்வதுதான், பின்டோவின் பேர்பெற்ற பலவீனம். வால்வு கவரைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஆயில் பீய்ச்ச வேண்டும். கேமை மாற்றினால் லோப் உரசும் ஃபாலோயர்களையும் ஸ்ப்ரே பாரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஃபாலோயர் புதுக் கேமை அரைத்துவிடும்.

5. கிராங்க் வேகம் என்றால்

அதே உபரி பிளக் சோதனை. ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் நன்றாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்). பக்கத்துப் பக்கத்து இரண்டை நிறுத்தினால் மட்டும் குறைந்தால் கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங். குளிரில் மட்டும் தட்டி, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது). அதோடு நெடுநாள் ஓட்டலாம். எதற்கும் மாறவில்லை என்றால், எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றும் முன் கிராங்க் புல்லி போல்ட், ஃபிளைவீல் போல்ட், எஞ்சினுக்கும் பெல்ஹவுசிங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகடு மூன்றையும் பாருங்கள். அந்தத் தகடு வளைந்து ஃபிளைவீலை உரசினால் பேரிங் போனது போலவே கேட்கும்.

6. ரோட்டில் மட்டும் வந்தால்

எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சட்டம் ஆடாது. எக்ஸாஸ்ட் பைப் பக்கத் தகட்டையும் சட்டத்தையும் நெருங்கும் இடங்களில், பைப் ஆறியிருக்கும்போது சட்டத்தின் பக்கம் பிளாஸ்டிசின் (களிமண் போன்ற விளையாட்டு மாவு) உருண்டை ஒட்டி, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் அதுதான் இடம். லோடில் மட்டும் சலசலத்தால் இக்னிஷனை 2 டிகிரி பின்தள்ளிப் பாருங்கள், நின்றால் பிங்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றி எரிவது). நீண்ட வளைவில் மட்டும் தட்டல் வந்து, ஆயில் கேஜும் இறங்கினால், உயரம் குறைத்த சம்பில் பேஃபிள் (ஆயில் ஒரு பக்கம் ஓடாமல் தடுக்கும் தகடு) போதவில்லை, அல்லது ஆயிலை உறிஞ்சும் பிக்கப் பைப்பைச் சேர்த்துக் குறைக்கவில்லை. பைப் வாய்க்கும் சம்ப் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பின்சேர்க்கை: படி 3 தலைகீழாக வருகிறது என்பவர்களுக்கு. ஃபோர்டின் பிந்தைய ஸீடெக் எஞ்சினோ, பின்டோவில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக மெகாஜோல்ட் எலெக்ட்ரானிக் இக்னிஷனோ வைத்திருந்தால் உங்கள் காயில் பேக் ஒவ்வொரு கிராங்க் சுற்றுக்கும் ஸ்பார்க் தரும். அதில் ஒரு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் கிராங்க், இரண்டு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் கேம். உபரி பிளக் சோதனையை அப்படியே செய்யலாம்.